ஒரு சோறு எப்போது பதமாகும்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் நாவிற் பயின்று வழங்கும் பழமொழி. பானை முழுவதையும் உண்டு முடித்த பின்னர் வெந்ததோ வேகவில்லையோ என்று தீர்ப்புக் கூறுவார் ஒருவரும் இலர். அகப்பையில் வந்த ஒரு பருக்கையை விரலிடையில் வைத்து நசுக்கிய அளவில் அடுப்பைத் தணிப்பதா, இன்னும் ஒரு விறகை உள்ளே தள்ளுவதா என்பது தெரிந்துவிடுகின்றது. பலவற்றின் இயல்பைச் சிலவற்றைக் கொண்டு அறியும் இம்முறையே இன்று புள்ளிவிபரவியல் என்னும் பெயரோடு பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயிலப்படுகின்றது. அச்சிலவற்றுக்கு மாதிரி என்று பெயர். அக்கலையின் முதற்பாடத்தை எழுத்தறியாத பாட்டிமாரும் தம் அடுப்படியிற் கற்றிருந்தனர் என்பதில் நாம் சிறிது பெருமை கொள்ளலாம்.

ஆயினும், பழமொழி வாய்விட்டுச் சொல்லாத நிபந்தனை ஒன்று அதனுள்ளே மறைந்து கிடக்கின்றது. பானையிலே இட்டது ஒரேவகை அரிசி. நீர் எங்கும் ஒப்பக் கொதித்தது. அகப்பை அடிவரை சென்று துழாவி வந்தது. இம்மூன்றும் கூடியவிடத்தேதான் ஒரு சோறு பதமாகும். பச்சையரிசியும் புழுங்கலரிசியும் கலந்திட்ட பானையில், துழாவாது மேலே கிடந்த பருக்கையை எடுத்துப் பார்ப்பவள் அன்று விருந்தினர் முன்னே நாணி நிற்பாள். சமைப்பவளுக்கு இந்நிபந்தனையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவள் கை அதனை அறியும். பழமொழியைக் கேட்டுப் பழகிய நம் காதுகளே அறியா.

மக்கட் சமுதாயம் துழாவப்பட்ட பானை அன்று. செல்வர் ஓரிடத்தும் வறியர் ஓரிடத்தும், கற்றார் ஒருபுறமும் கல்லார் ஒருபுறமும், பேசுவோர் முன்னும் பேசாதார் பின்னுமாக அது படிந்து கிடக்கின்றது. ஆதலின், மக்களைப் பற்றிய செய்தி ஒன்றை எண்களோடு ஒருவர் கொண்டுவரும்போது, "எத்தனை பருக்கை எடுத்தீர்?" என்று கேட்பதன் முன்னர், "எங்கிருந்து எடுத்தீர்? எந்தக் கையால் எடுத்தீர்?" என்று கேட்டல் வேண்டும். நம்மவருட் பெரும்பாலோர் முதற்கேள்வியோடு அமைந்துவிடுகின்றனர். எண் பெரிதாயின் உண்மையும் பெரிது என்பது அவர்தம் துணிபு.

அத்துணிபு எத்துணைப் பொய்ம்மையுடையது என்பதை 1936ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டும். 'லிட்டரரி டைஜெஸ்ட்' என்னும் வார இதழ் அவ்வாண்டுச் சனாதிபதித் தேர்தலில் வெல்லப்போகின்றவர் யார் என்பதை முன்கூட்டி அறிய முற்பட்டது. ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு அஞ்சலட்டைகள் சென்றன. 23 இலட்சம் பேரளவில் விடை எழுதி அனுப்பினர். அவற்றை எண்ணி, குடியரசுக் கட்சியைச் சேர்ந்த லாண்டன் நூற்றுக்கு 57 வாக்குப் பெற்று வெல்வார் என்று இதழ் அறிவித்தது. தேர்தல் முடிந்தபோது ரூஸ்வெல்ட் நூற்றுக்கு 61 அளவில் வாக்குப் பெற்றிருந்தார். அன்றிருந்த 48 மாநிலங்களில் லாண்டன் வென்றவை இரண்டே. அதே தேர்தலில் ஜோர்ஜ் கலப் என்பார் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேரை மாத்திரம் வினவி, ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று சரியாகக் கூறியிருந்தார். இருபத்துமூன்று இலட்சம் பொய்த்தது, ஐம்பதினாயிரம் மெய்த்தது. இரண்டாண்டு கழிவதற்குள் அவ்விதழும் நின்றுபோயிற்று.

பிழை எங்கே நேர்ந்தது? அஞ்சலட்டைக்குரிய முகவரிகள் தொலைபேசிப் புத்தகங்களிலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேடுகளிலிருந்தும் இதழின் சந்தாதாரர் பெயரேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை. நாடு பெரும் பொருளாதார மந்தத்துள் ஆழ்ந்திருந்த அக்காலத்தில், தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பானையின் மேற்பரப்பில் மிதந்தோர். வேலையிழந்து நின்ற அடித்தட்டு மக்கள் ரூஸ்வெல்ட்டின் பக்கம் இருந்தனர். அகப்பை அவ்வளவு ஆழம் செல்லவில்லை. இது முதற்காரணம். அட்டை பெற்றோருள்ளும் நான்கில் ஒருவரே விடையெழுதினர் என்பது இரண்டாவது. எழுதத் துணிந்தோர் மாற்றம் வேண்டிச் சினந்து நின்றோர்; எழுதாது விட்டோர் மனநிலை அவரின் வேறானது. மௌனத்தை இதழ் எண்ணவில்லை. எண்ணவும் இயலாது. ஆயின், அம்மௌனம் எத்திசையில் சாய்ந்திருக்கும் என்று ஒருகணம் சிந்தித்திருக்கலாம்.

இக்காலத்தில் கைத்தொலைபேசித் திரையில் "உங்கள் கருத்து யாது?" என்று வினவி, ஒருநாளைக்குள் ஆயிரக்கணக்கானோர் விரலமர்த்திய முடிவை மக்கள் தீர்ப்பென்று எடுத்தோதுவோர் உளர். அவர்கள் 1936ஆம் ஆண்டு அஞ்சலட்டையைக் கண்ணாடித் திரைக்கு மாற்றியவர்களேயன்றி வேறல்லர்.

இனி, ஈண்டு நான் சொல்லவந்த கருத்துக்கு வருகின்றேன். மேற்கூறிய இதழாசிரியர் வஞ்சகர் அல்லர். 1920 முதல் 1932 வரை நடந்த நான்கு தேர்தல்களிலும் வெல்பவரைச் சரியாகக் கூறிப் புகழீட்டியவர்கள். ஒருவரிடம் கைக்கூலி பெற்று எண்களைத் திரித்தவர்களும் அல்லர். அவர்கள் நெஞ்சிற் கோட்டம் இல்லை. எனினும், முடிவு கோடிற்று. நம் அறநூல்கள் கோட்டத்தை நெஞ்சின் குற்றமாகவே பெரிதும் பேசும். வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓரதிகாரம் வகுத்து, துலாக்கோலை உவமை காட்டி, உள்ளம் ஒருபாற் சாயாமையை வற்புறுத்துவர். அது என்றும் நிற்கும் அறம், அதிற் குறையொன்றில்லை. ஆனால், உள்ளம் செவ்விதாயினும் முறை கோடுதல் கூடும் என்பது புள்ளிவிபரவியல் நமக்குப் புதிதாகச் சொல்லும் செய்தி. அதனைக் கேளாதவர், நல்லவர் சொன்னார் என்பதனால் ஒன்றை மெய்யென்றும், தீயவர் சொன்னார் என்பதனால் ஒன்றைப் பொய்யென்றும் கொண்டு வாழ்நாளைக் கழிப்பர்.

நல்லுள்ளமே முறையைக் கோட்டியதற்கு ஆசிரியத் தொழில் புரிவோர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய சான்று ஒன்று உண்டு. 1930ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் லனாக்ஷயர் பகுதியிலே, பாடசாலையிற் பால் கொடுத்தால் பிள்ளைகள் நன்கு வளர்வரா என்று அறிய ஒரு பெரும் பரிசோதனை நடைபெற்றது. 67 பாடசாலைகள், 20,000 பிள்ளைகள். அவருட் பதினாயிரம் பேருக்கு மாசி முதல் ஆனி வரை பாடசாலை நாள்தோறும் முக்காற் பைந்து பால் கொடுக்கப்பட்டது. எஞ்சிய பதினாயிரம் பேர் பாலின்றி ஒப்புநோக்கற்பொருட்டு நிறுத்தப்பட்டனர். தொடக்கத்திலும் முடிவிலும் எல்லோருடைய நிறையும் உயரமும் அளக்கப்பட்டன.

பால் பெறுவார் யார், பெறாதார் யார் என்பது சில பாடசாலைகளிற் சீட்டுப் போட்டும், சிலவற்றில் அகரவரிசைப்படியும் முடிவு செய்யப்பட்டது. அவ்வளவில் விட்டிருந்தால் நன்று. ஒரு பிரிவில் ஊட்டம் மிக்க பிள்ளைகளோ ஊட்டம் குன்றிய பிள்ளைகளோ அளவின் மிக்கிருப்பதாகத் தோன்றினால் ஆளை மாற்றிச் சமன் செய்யலாம் என்ற உரிமையும் ஆசிரியர்களுக்கு அளிக்கப்பட்டிருந்தது. என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை நாம் ஊகித்தறிதல் அரிதன்று. எலும்புந் தோலுமாக முன்வாங்கில் இருக்கும் ஏழைப்பிள்ளை பாலில்லாத பட்டியலில். கொழுத்த பிள்ளை பாலுள்ள பட்டியலில். எந்த ஆசிரியருடைய கைதான் அப்பெயர்களை மாற்றாதிருக்கும்? மாற்றினார்கள் என்பதற்கு எண்களே சாட்சி. தொடக்கத்திலேயே பால் பெறாதார் பிரிவு, பால் பெறுவார் பிரிவைக் காட்டிலும் நிறையில் மூன்று மாத வளர்ச்சியளவும் உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியளவும் முந்தி நின்றது.

இதனை அடுத்த ஆண்டு எடுத்துக்காட்டியவர் 'மாணவன்' என்னும் பொருள்படும் 'ஸ்ருடன்ற்' என்ற புனைபெயரில் எழுதிய கொசெற் என்பவர். டப்ளின் நகரிலே மதுவடிக்கும் தொழிற்சாலை ஒன்றிற் பணிபுரிந்தவர். அவர் இன்னொரு நுட்பமும் காட்டினார். பிள்ளைகள் உடுத்த உடையோடு நிறுக்கப்பட்டனர். மாசியிற் குளிருடை, ஆனியில் மெல்லுடை. வசதியுள்ள பிள்ளை தடித்த கம்பளியைக் களைந்து வந்து நிறையிற் குறைந்தது. வறிய பிள்ளைக்கோ மாசிக்கும் ஆனிக்கும் ஒரே உடை. ஆகவே, வசதியுள்ளோர் மிக்கிருந்த பாலில்லாப் பிரிவின் வளர்ச்சி உள்ளதிலும் குறைந்தே தராசிற் காட்டியது. பாலின் பயன் உள்ளதிலும் மிக்குத் தோன்றிற்று. பால் நன்றன்று என்று கொசெற் கூறவில்லை. எவ்வளவு நன்று என்பதை இருபதினாயிரம் பிள்ளைகளை அளந்தும் திட்டமாகச் சொல்ல முடியாமற் போயிற்றே என்றுதான் இரங்கினார். ஒத்த இரட்டைப் பிள்ளைகளில் ஐம்பது சோடிகளைத் தெரிந்து, எவருக்குப் பால் என்பதை ஒரு நாணயத்தைச் சுண்டித் தீர்த்திருந்தால், இதனினும் நம்பத்தக்க விடை மிகச் சிறு செலவிற் கிடைத்திருக்கும் என்பது அவர் கருத்து.

இங்கே ஆசிரியரைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. பசித்த பிள்ளைக்குப் பால் கொடுக்க நினைத்த நெஞ்சை யார் பழிப்பார்? ஆயினும், இரக்கத்தைக் காட்டவேண்டிய இடம் ஒன்று. உண்மையைக் காணவேண்டிய இடம் மற்றொன்று. ஏழைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க விரும்பினால் பரிசோதனைக்குப் புறத்தே தனியாகக் கொடுத்திருக்கலாம். பட்டியலைத் திருத்தியதனால் அன்று ஒரு பிள்ளை பயன் பெற்றது. பின்வரும் ஆயிரம் பிள்ளைகளுக்குப் பால் வழங்க வேண்டுமா என்று வாதிடுவார் கையிலிருந்த சான்று பழுதாயிற்று.

ஆகவேதான், தெரிவு செய்யும் வேலையை மனிதக் கையிலிருந்து எடுத்துத் திருவுளச்சீட்டிடம் கொடுத்துவிட வேண்டும் என்று இக்கலை வல்லோர் வற்புறுத்துகின்றனர். எழுமாற்றுத் தெரிவு என்று நம் பாடநூல்கள் கூறுவது இதனையே. இங்கிலாந்தின் றொனால்ட் பிஷர் 1935ஆம் ஆண்டு வெளியிட்ட பரிசோதனை அமைப்புப் பற்றிய நூலில் இக்கொள்கையை நிலைநாட்டினார். ஆனால், தெரியும் கைக்குக் கண் இருத்தலாகாது என்ற உணர்வு நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்துள் இடப்பட்டன. ஓலையை எடுத்தவன் சபைத் தலைவன் அல்லன். கற்றறிந்த நம்பிமாருள் ஒருவரும் அல்லர். குடத்தின் உள்ளிருப்பதை அறியாச் சிறுவன் ஒருவன். அவன் எடுத்த ஓலையை வாங்குவோன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கினான். முதியோர் சூழ்ந்திருந்த அவையில், அறியாச் சிறுவனின் கையே நம்பத்தக்க கையாயிற்று. அவர்கள் ஒருவரையொருவர் கயவரென்று கருதியதனாலன்று; நல்லவர் கையும் தன்னையறியாது சாயும் என்று உணர்ந்திருந்ததனால் என்றே நான் கொள்கின்றேன்.

எனினும், அக்குடத்தின் குறையையும் மறைத்தல் தகாது. காணியும் சொந்த மனையும் கல்வியும் உடையார், 921ஆம் ஆண்டு விதிப்படி 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குட்பட்டோர் ஆகியோர் பெயர்களே குடத்துள் விழுந்தன. குடத்தினுள்ளே நீதி இருந்தது. குடத்தின் வாயிலிலே வேலி இருந்தது. சீட்டு எத்துணை நேர்மையாகக் குலுக்கப்பட்டாலும் குடத்துட் புகாத பெயர் ஒருபோதும் வெளிவராது. தொலைபேசிப் புத்தகத்தில் இல்லாத அமெரிக்க ஏழைக்கும் காணியில்லாத சோழநாட்டுக் குடியானவனுக்கும் நேர்ந்த கதி ஒன்றே.

பிள்ளைகளின் உயிரையும் நலத்தையும் சீட்டுக்கு விடுவது கொடுமையன்றோ என்று ஒருவர் வினவலாம். வினவத்தக்கதே. 1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் யோனாஸ் சால்க் ஆக்கிய இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியைப் பரிசோதித்தபோது இவ்வினா எழுந்தது. சில பகுதிகளில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊசியிட்டு, முதலாம் மூன்றாம் வகுப்பினரோடு ஒப்பிட்டனர். வேறு பகுதிகளில் எழுமாற்றாகத் தெரிந்து, ஏறத்தாழ இரண்டு இலட்சம் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும் இன்னுமோர் இரண்டு இலட்சம் பிள்ளைகளுக்குப் பார்வைக்கு அதனை ஒத்த வெறும் நீரும் ஏற்றினர். எவருக்கு எது என்பதைப் பிள்ளையும் அறியவில்லை. நோயைத் தீர்மானித்த வைத்தியரும் அறியவில்லை. பெற்றோர் இசையாத பிள்ளைகள் தனியே நின்றனர். 1955 சித்திரையில் முடிவு வெளியாயிற்று. சீட்டின்படி நடந்த பகுதிகளில், இலட்சம் பிள்ளைகளுக்கு நோய் கண்டோர் தொகை, ஊசி பெற்றோரில் 28, வெறும் நீர் பெற்றோரில் 71, இசையாதாரில் 46.

இம்மூன்றாம் எண்ணை வாசகர் கூர்ந்து நோக்குக. ஒன்றுமே பெறாத இசையாதார், வெறும் நீர் பெற்றோரைவிடக் குறைவாக நோயுற்றது எவ்வாறு? வெறும் நீரில் நஞ்சு கலந்திருந்ததோ? அன்று. ஊசிக்கு இசைந்த பெற்றோர் பெரும்பாலும் வசதி படைத்தோர். துப்புரவு குறைந்த வறிய வீடுகளிற் பிள்ளைகள் தாயிடமிருந்து பெற்ற காப்பு உடலில் இருக்கும் பருவத்திலேயே கிருமியைச் சந்தித்து எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுவர். துப்புரவான வீட்டுப்பிள்ளைகளோ பிந்திச் சந்தித்து நோய்க்கு இரையாவர். ஆகவே, இசைந்தாரும் இசையாதாரும் ஊசிக்கு முன்னரே வேறுபட்டவர்கள். ஊசி பெற்றோரை இசையாதாரோடு மாத்திரம் ஒப்பிட்டிருந்தால், 71ஐ 28ஆகக் குறைத்த மருந்தை 46ஐ 28ஆகக் குறைத்ததென்று கருதி அதன் ஆற்றலைத் தாழ்த்தி மதித்திருப்பர். லனாக்ஷயரில் இரக்கம் பால் மாற்றிய பட்டியல் உண்மையை மறைத்தது. இங்கே இரக்கமற்றதாகத் தோன்றிய சீட்டு உண்மையை வெளிப்படுத்தியது. பிறக்கவிருந்த பிள்ளைகளை நோக்கின், அச்சீட்டே பேரிரக்கம் என்பது என் துணிபு.

இவையெல்லாம் தமிழ் பயில்வார்க்கு எற்றுக்கு என்று முகஞ்சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. குறுந்தொகை ஒன்றையே கற்ற ஒருவர், "சங்கப் புலவர் ஒன்பதடிக்கு மேற் பாடும் வழக்கம் உடையரல்லர்" என்று எழுதினால் நாம் நகைப்போம். தொகுத்தார் நான்கடி முதல் எட்டடி வரையென எல்லை வகுத்துத் தெரிந்தெடுத்தனர் என்பதும், ஒன்பதடிப் பாடல் அருகியே அதனுள் வந்ததென்பதும், நீண்டவற்றுக்கு நற்றிணையும் அகநானூறும் உள்ளன என்பதும் நாம் அறிந்தவை. அடியளவில் நகைக்கும் நாமே, எஞ்சிய பாடல்களைக் கொண்டு "சங்ககால மக்கள் அனைவரும் இத்தகையர்" என்று மேடையிற் சாதிக்கும்போது நகைப்பதில்லை. நம் கைக்கு வந்திருப்பவை 2,381 பாடல்கள். பாடியோருட் சிலரையே தொகுத்தோர் தெரிந்தனர். தொகுத்தவற்றுட் சிலவற்றையே ஏடெழுதுவோர் படியெடுத்தனர். எழுதியவற்றுட் சிலவற்றையே செல்லும் நெருப்பும் விட்டுவைத்தன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்றியிராவிடின் அதுவும் எந்நிலை எய்தியிருக்குமோ! எஞ்சியது நமக்குச் செல்வம். ஆனால், எஞ்சியதே முழுவதுமன்று. பாடாத உழவனும் பாட்டிலே இடம்பெறாத குடியும் அக்காலத்தும் வாழ்ந்தனர்.

இதனினும் அண்மையில் நம் வீட்டு வாயிலிலேயே நிற்கும் காட்சி ஒன்றுளது. உயர்தரப் பரீட்சை முடிவு வெளிவந்த மறுவாரம் நம் ஊர்ச் சந்திகளையும் மதில்களையும் பாருங்கள். தனியார் கல்வி நிலையங்களின் விளம்பரத் தட்டிகளில் மூன்று பாடங்களிலும் அதிசிறப்புச் சித்தி பெற்ற பிள்ளைகளின் முகங்கள் வரிசையாகப் புன்னகை பூத்து நிற்கும். அம்முகங்கள் பொய்யல்ல, அப்பிள்ளைகளின் உழைப்பும் பொய்யன்று. ஆனால், அதே வாங்குகளில் இருந்து, அதே கட்டணத்தைச் செலுத்தி, சித்தியடையாது போன பிள்ளைகள் எத்தனை பேர் என்பது எந்தத் தட்டியிலும் இல்லை. முன்னரே திறமை மிக்க பிள்ளைகள் அங்கே சென்றார்களா, அங்கே சென்றதனால் திறமை மிக்கார்களா என்பதும் இல்லை. ஒரே பிள்ளை நான்கு நிலையங்களின் தட்டியில் நின்று சிரிப்பதும் உண்டு. பானையின் மேலிருந்து பொறுக்கியெடுத்த வெந்த பருக்கைகள் அவை. அவற்றைக் கண்டு, காப்பை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் தாய்மார் பலர். பிள்ளை தோற்றால் அத்தாய் பிள்ளையைத்தான் நோவாள். தட்டியை நோவாள் அல்லள். எண்ணைக் கேள்வி கேட்கத் தெரியாமையின் விலை இதுவே.

நம் பாடசாலைகளிற் கணித வகுப்பிலே இடையும் இடையமும் காணக் கற்பிக்கின்றோம். நியம விலகலுக்குச் சூத்திரம் கொடுக்கின்றோம். பிள்ளைகள் பிழையின்றிக் கணிக்கின்றனர். கணிக்கக் கொடுத்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்க எவ்வளவு காலம் பயிற்றுகின்றோம்? அக்கேள்வி கணிதத்துக்கு மாத்திரம் உரியதன்று. மொழிக்கும் வரலாற்றுக்கும் செய்தித்தாள் வாசிப்புக்கும் உரியது. ஆதலின், தமிழாசிரியரும் அதனைத் தம் கடமையாகக் கொள்ளவேண்டும் என்பது என் வேண்டுகோள். கட்டுரைப் பாடவேளை ஒன்றில் விளம்பரம் ஒன்றையோ பத்திரிகைச் செய்தி ஒன்றையோ மாணவர் முன் வைத்து, மூன்று வினாக்களை எழுப்பினாற் போதும். எவருடைய பெயர்கள் குடத்துள் இடப்பட்டன? ஓலையை எடுத்த கை யாருடையது? விடை கூறாதிருந்தோர் எத்தனை பேர்?

இம்மூன்றுக்கும் விடை கிடையாதவிடத்து, எண் இலட்சமாயினும் கோடியாயினும் அதனை நம்பாதிருக்க நம் பிள்ளைகள் பழகவேண்டும். விடை செவ்விதாகக் கிடைத்தவிடத்து, சொல்பவர் நமக்கு வேண்டாதவராயினும், கிடைத்த முடிவு நம் மனத்துக்கு ஒவ்வாததாயினும், அதனை ஏற்றுக்கொள்ளவும் பழகவேண்டும். இரண்டாவது பழக்கம் முதலாவதினும் அரிது. நடுவுநிலைமை என்று நம் முன்னோர் போற்றிய அறம் நிறைவுறுவது அவ்விரண்டாவதிலேதான்.